பெருநகரத்தில் அசல் மெக்சிகோ சாப்பாடு தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசல் மெக்சிகோ சாப்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "இது மெக்சிகோ சாப்பாடா?" என்பதை விட்டுவிட்டு "இது மெக்சிகோவில் எந்த மாநிலத்துச் சாப்பாடு?" என்று கேட்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். மெக்சிகோவில் தலைநகரத்தையும் சேர்த்து 32 மாநிலங்கள். கடலோரத்துச் சினலோவாவில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை இறாலைச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கும், மலைநாட்டு வஹாகாவில் வெட்டுக்கிளியை வறுத்துக் கொறித்து வளர்ந்தவருக்கும் பொதுவாக இருப்பது மக்காச்சோளமும் மிளகாயும் பீன்ஸும்தான். மீதியெல்லாம் ஊருக்கு ஊர் மாறும்.

கலப்படமே இல்லாத தூய சமையல் என்று ஒன்றைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பன்றி, மாடு, கோழி, கோதுமை, அரிசி, வெங்காயம், எலுமிச்சை, கொத்தமல்லி, பாலாடைக்கட்டி எல்லாம் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்களோடு கப்பலேறி வந்தவை. இவற்றைக் கழித்துவிட்டால் இன்றைய டாக்கோவில் (மடித்த சோள ரொட்டிக்குள் கறி) டோர்டியா என்ற அந்த ரொட்டியும் சல்சா என்ற காரத் துவையலும்தான் மிஞ்சும். ஆக, நான் அசல் என்று சொல்வது இதைத்தான்: ஒரு குறிப்பிட்ட ஊரில் வளர்ந்தவர், தன் ஊர்க்காரர் நாக்குக்காகச் சமைத்தது. நாமும் போய் அந்த வரிசையில் நிற்கலாம், அவ்வளவே.

ஒரு கடை நல்ல கடையா என்று ஒரே ஒரு அடையாளத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். டோர்டியா. (ஸ்பானிஷில் இரட்டை எல் எழுத்துக்கு 'ய' ஒலி. டார்ட்டில்லா என்று சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

கறி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், அது படுத்திருக்கும் டோர்டியா பழையதாக, ரப்பர் போல, வாசமே இல்லாமல் இருந்தால் அந்த டாக்கோ போச்சு. நல்ல டோர்டியாவைக் கையில் எடுத்ததுமே வேகவைத்த சோளத்தின் வாசம் வரும். மடித்தால் விரிசல் விடாது. அதைத் தனியாகவே, உப்பு மட்டும் தூவிச் சாப்பிடலாம்.

அந்த வாசம் எங்கிருந்து வருகிறது? சுண்ணாம்பிலிருந்து. முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அடுப்பை அணைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் தோல் கழன்று வரும். அலசி, கல் எந்திரத்தில் அரைத்தால் கிடைக்கும் ஈரமாவுதான் மாசா. இந்த முறைக்கு நிக்ஸ்டமல் முறை என்று பெயர். அஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. சுண்ணாம்பில் வேகாத சோள மாவைப் பிசைந்தால் உருண்டு திரளாது, தட்டும்போதே பிளந்துபோகும். சத்து விஷயமும் உண்டு. சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிப்பதும் இந்தச் சுண்ணாம்புதான். ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, சுண்ணாம்பு போகவில்லை. விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த வடக்கு இத்தாலியிலும் பின்னாளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஏழைகள் பெலாக்ரா என்ற கொடிய நோயில் விழுந்தார்கள்.

அதனால் கடைக்காரரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "மாசா எங்கிருந்து வருகிறது?" என்பது. பதில் மூன்று விதமாக வரும். கடையிலேயே சோளம் ஊறவைத்து அரைக்கிறார்கள் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்து டோர்டியேரியாவிலிருந்து, அதாவது டோர்டியா மட்டும் சுட்டு விற்கும் கடையிலிருந்து, தினமும் வருகிறது என்றாலும் நல்லது. பொட்டலத்து உலர்மாவில் பிசைகிறோம் என்றால் முகம் சுளிக்க வேண்டாம், மெக்சிகோவிலேயே கோடிக்கணக்கானோர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அதுவும் கையால் தட்டி உடனே கல்லில் போட்டதாக இருந்தால் நன்றாகவே இருக்கும். பெட்டியில் வரும், ஏற்கெனவே மடித்துப் பொரித்த மொறுமொறு ஓடு என்றால் அது வேறு சமையல்.

மொறுமொறு டாக்கோ, மஞ்சள் சீஸ், சில்லி கான் கார்னே எல்லாம் போலியா?

போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குப் பெயர் டெக்ஸ்-மெக்ஸ். டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. எல்லைக்கோடுதான் நகர்ந்தது, அங்கே இருந்த குடும்பங்கள் நகரவில்லை. அவர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சமைத்ததில் சில்லி கான் கார்னே என்ற மிளகாய்க் கறிக்குழம்பு பிறந்தது. சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே பெண்கள் அதைப் பானையில் வைத்து விற்றார்கள். நீளவாக்கில் நறுக்கிச் சுட்ட மாட்டுக்கறியான ஃபஹீத்தாவும் எல்லையோர ரியோ கிராண்டே ஆற்றங்கரைப் பக்கத்து மாட்டுப்பண்ணைகளின் வழி வந்ததுதான். தனக்கென்று வரலாறு உள்ள சமையல் அது.

பிரச்சினை பெயர்ப்பலகையில்தான். "வஹாகா பாட்டி கைப்பக்குவம்" என்று வாசலில் எழுதிவிட்டு உள்ளே உருகிய மஞ்சள் சீஸும் சீரகத்தூளும் புளித்த க்ரீமும் எல்லாவற்றின் மேலும் கொட்டிக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். மெக்சிகோவின் பெரும்பாலான பகுதிகளில் பாலாடைக்கட்டி வெள்ளை நிறம். சீரகம் உண்டு, ஆனால் ஒரு சிட்டிகை.

இன்னொன்று சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் 1962இல் தொடங்கிய டாக்கோ பெல் நிறுவனம் 1992இல் மெக்சிகோ நகரத்தில் கடை திறந்து பார்த்தது, நிலைக்கவில்லை. 2007இல் மான்டெர்ரே பக்கம் மறுபடி முயன்றது. இம்முறை மொறுமொறு டாக்கோவுக்கு 'டாக்கோஸ்தாதா' என்று பெயரையே மாற்றி, கூடவே உருளை வறுவலும் வைத்தது. 2010இல் அதையும் மூடினார்கள்.

பரிட்டோவும் நாச்சோவும்?

இரண்டும் மெக்சிகோதான், வடக்கு மெக்சிகோ. கோதுமை விளையும் சொனோராவிலும் சிவாவாவிலும் கோதுமை டோர்டியா சகஜம். அதில் சுருட்டித் தரும் அங்கத்திய பரிட்டோ ஒல்லியாக, உள்ளே ஒன்றிரண்டு பொருளோடு முடிந்துவிடும். அரிசி, பீன்ஸ், கறி, க்ரீம் என்று கைக்குழந்தை எடையில் கட்டித் தருவது சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரத்தில் 1960களில் வந்த வழக்கம். பொரித்த டோர்டியாத் துண்டுகள் மேல் சீஸ் உருக்கிய நாச்சோ, எல்லையோர ஊரான பியெத்ராஸ் நெக்ராசில் 1940களில் இக்னாசியோ அனாயா என்ற உணவகப் பணியாளர் அவசரத்துக்குச் செய்து கொடுத்தது. இக்னாசியோ என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் நாச்சோ.

நகரத்தில் எந்தப் பக்கம் தேட வேண்டும்?

சுற்றுலாப் பயணிகள் நடமாடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். மெக்சிகோக்காரர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே வேலை முடிந்து பஸ் ஏறுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். கடை அதைச் சுற்றித்தான் இருக்கும். குவாதலூப்பே மாதா படம், பணம் அனுப்பும் கடை, மாவுப் பண்டம் விற்கும் பனதேரியா, இறைச்சிக்கடையான கார்னிசேரியா, இந்த நான்கும் ஒரே தெருவில் தென்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். கார்னிசேரியாவின் பின்பக்கத்தில் நாலு மேசை போட்டு டாக்கோ போடுகிறார்களா என்று உள்ளே நடந்து போய்ப் பாருங்கள். நான் சாப்பிட்ட நல்ல டாக்கோக்களில் பாதி, துணி சோப்பு அடுக்கிவைத்த அலமாரிக்குப் பின்னால் கிடைத்தவை.

மெக்சிகோவுக்கு வெளியே நகரத்துக்கு நகரம் ஒரு மாநிலத்தின் வாசம் தூக்கலாக இருக்கும். ஒருவர் போய் வேலையில் அமர்ந்ததும் தம்பியை அழைப்பார், தம்பி பக்கத்து வீட்டுக்காரரை அழைப்பார், கடைசியில் அரை கிராமம் ஒரே தெருவுக்கு வந்துவிடும். நியூயார்க்கில் அப்படி வந்தவர்களில் புவெப்லா மாநிலத்தார் அதிகம். நகரத்தையே 'புவெப்லா யோர்க்' என்று கேலியாகச் சொல்வதுண்டு. குவீன்ஸில் ரூஸ்வெல்ட் அவென்யூ நெடுக, கொரோனா, ஜாக்சன் ஹைட்ஸ் பக்கமும், புரூக்ளினில் சன்செட் பார்க் பக்கமும் போனால் செமீத்தா கேளுங்கள். எள் தூவிய ரொட்டியில் கறியும் அவகாடோவும் பாப்பலோ என்ற காட்டமான கீரையும் வைத்த சாண்ட்விச் அது. பாப்பலோ இல்லாமல் தந்தால் ஏன் இல்லை என்று கேளுங்கள், மரியாதை கூடும்.

சிகாகோவில் பில்சன் வட்டாரத்திலும், லிட்டில் வில்லேஜ் எனப்படும் 26ஆம் தெருவிலும் மிச்சோகான் மாநிலத்துக் கர்நீத்தாஸ். பன்றிக் கறியை அதன் கொழுப்பிலேயே பெரிய அண்டாவில் மெல்ல வேகவைத்து எடுத்து, எடை போட்டு விற்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் எல்லா மாநிலமும் கிடைக்கும். ஆனாலும் கொரியாடவுன் சுற்றுவட்டாரத்தில் வஹாகாக்காரர்கள் கூடுதல். மோலே என்ற குழம்பும் த்லயூதா என்ற பெரிய டோர்டியாவும் தேடி அங்கே போக வேண்டும். கிழக்கே பாயல் ஹைட்ஸ் பக்கம் போனால் டாக்கோ லாரிகள். இந்த லாரிக்கும் ஒரு கதை உண்டு: 1974இல் ராவுல் மார்த்தினெஸ் என்பவர் பழைய ஐஸ்கிரீம் வண்டியை மாற்றிக் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் டாக்கோ விற்கத் தொடங்கினார். அது கிங் டாக்கோ என்ற கடைத்தொடராக வளர்ந்தது.

கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

கேட்கும் விதத்தைப் பொறுத்தது. உள்ளே நுழைந்ததும் விசாரணை அதிகாரி மாதிரி கேட்காதீர்கள். வேறு நாட்டில் பிழைக்க வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் திக்கென்று இறங்கும். சாப்பிட்டு, "அருமை" என்று சொல்லிவிட்டு, "தே கே பார்த்தே தே மெக்சிக்கோ எஸ் எஸ்தா கொமீதா?" (இந்தச் சாப்பாடு மெக்சிகோவில் எந்தப் பக்கத்துது?) என்று சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். பதில் ஊர்ப்பெயரோடு நிற்காது. அம்மா எப்படிச் செய்வார், இங்கே எந்த மிளகாய் கிடைப்பதில்லை என்பது வரை போகும். பல இடங்களில் கேட்கவே வேண்டாம், கடைப்பெயரிலேயே மாநிலம் இருக்கும்.

மாநிலம் தெரிந்துவிட்டது. என்ன வாங்குவது?

வஹாகா என்றால் மோலே. ஏழு மோலே என்பார்கள்: கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தொடங்கும் பட்டியல். கூடவே த்லயூதா. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில், பாதி காய்ந்த டோர்டியா மேல் பன்றிக் கொழுப்பு, கறுப்பு பீன்ஸ், நூல் நூலாகப் பிரியும் கெசீயோ சீஸ்.

யுகடான் என்றால் கொச்சினீத்தா பிபில். அச்சியோட்டே என்ற சிவப்பு விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவிய பன்றிக் கறியை வாழையிலையில் பொதிந்து, குழிக்குள் புதைத்து வேகவைப்பது மரபு. நகரத்தில் குழி தோண்ட யாரும் விடமாட்டார்கள். அடுப்பில்தான் செய்வார்கள், பரவாயில்லை. வாழையிலை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹிடால்கோ என்றால் பர்பகோவா, ஆனைக்கற்றாழை மடல் மூடி வேகவைத்த ஆட்டுக்கறி. கறியிலிருந்து சொட்டும் சாறு கீழே பானையில் சேர்ந்து கொன்சொமே என்ற சூப்பாகும். அதைத் தவறவிட்டால் பாதி பர்பகோவாதான் சாப்பிட்டதாகக் கணக்கு. ஹலிஸ்கோ என்றால் பீர்ரியா. அங்கே அது வெள்ளாட்டுக்கறி. சீஸோடு பொரித்து, சிவப்புச் சாற்றில் முக்கிச் சாப்பிடும் மாட்டுக்கறி பீர்ரியா பிரபலமானது திஹுவானா வழியாக. சினலோவா என்றால் முன்பு சொன்ன பச்சை இறால், அதாவது அகுவாச்சிலே, பாகா கலிஃபோர்னியா என்றால் பொரித்த மீன் டாக்கோ, கெர்ரேரோ என்றால் சோளமும் கறியும் சேர்ந்த சூப்பான பச்சைப் பொசோலே.

புவெப்லா என்றால் மோலே பொப்லானோ. ஆகஸ்ட், செப்டம்பர் மாதமாக இருந்தால் சிலேஸ் என் நொகாதா. பொப்லானோ என்ற பெரிய பச்சை மிளகாய்க்குள் கறியும் பழமும் அடைத்து, மேலே வெள்ளை வால்நட் சாறு ஊற்றி, மாதுளை முத்து தூவுவார்கள். பச்சை, வெள்ளை, சிவப்பு: கொடியின் நிறம். புது வால்நட்டும் மாதுளையும் வரும் பருவம் அது. மார்ச் மாதம் அதை விற்கும் கடையில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மோலே என்றால் சாக்லேட் சாறுதானே?

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தால் பலர் அதை இனிப்பு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். மொள்ளி என்ற நாவாட்டில் சொல்லுக்கே சாறு, குழம்பு என்றுதான் பொருள். அவகாடோத் துவையலான குவாக்கமோலேயில் இருப்பதும் அதே சொல். உலர் மிளகாய் பல வகை, எள், கடலை, பாதாம், உலர்திராட்சை, பட்டை, கிராம்பு, கருகச் சுட்ட டோர்டியா எல்லாம் தனித்தனியாக வறுத்து அரைத்துக் கொதிக்கவிடுவது. சாக்லேட் சில மோலேக்களில் கொஞ்சமாகச் சேரும், பச்சை மோலேயிலும் மஞ்சள் மோலேயிலும் கிடையாது. முதல் வாயில் சாக்லேட் மட்டும் தெரிந்தால் அவசரத்தில் செய்த மோலே.

நேரம் காலம் முக்கியமா?

ரொம்ப. நான் பட்ட பாடு: ஒரு பர்பகோவா கடையைப் பற்றி மாதக்கணக்கில் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நிதானமாகப் போய் இறங்கினேன். அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் காலை எட்டு மணிக்குப் போனேன், எனக்கு முன்னால் இருபது பேர்.

பர்பகோவா, கர்நீத்தாஸ், போட்டிக்கறி சூப்பான மெனூதோ எல்லாம் வார இறுதிக் காலைச் சமாச்சாரம். மாசாவைப் பொதிந்து அவித்த தமாலேயும், சோளமாவுக் கஞ்சியான அத்தோலேயும் விடியற்காலை. ரயில் நிலைய வாசலில் பெண்கள் பாத்திரத்தோடு நிற்பார்கள், பத்து மணிக்குக் காணாமல் போவார்கள். கடல் உணவு மத்தியானம். செங்குத்துக் கம்பியில் சுட்ட பன்றிக்கறியான அல் பாஸ்டோர் இருட்டிய பிறகு. கெர்ரேரோக்காரர்களுக்குப் பொசோலே என்றால் வியாழக்கிழமை.

நாட்காட்டியும் உண்டு. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளில் வளையமான ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே மறைத்துவைத்த குட்டிப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லாருக்கும் தமாலே வாங்கித் தர வேண்டும். நவம்பர் முதல் இரண்டு நாள் முன்னோர் நினைவு, அதற்கு முந்தைய வாரங்களில் பனதேரியாக்களில் எலும்பு வடிவம் வைத்த ரொட்டி. மே 5ஐ மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள் அது. புவெப்லாவுக்கு வெளியே மெக்சிகோவில் பெரிய கொண்டாட்டம் இல்லை. அமெரிக்க நகரங்களில் அன்றைக்கு எல்லாக் கடையும் நிரம்பி வழியும், அவசர அவசரமாகப் போடுவார்கள்.

அல் பாஸ்டோர் ஷவர்மா மாதிரியே இருக்கிறதே. அது எப்படி அசல்?

மாதிரி என்ன, ஷவர்மாவின் பேரப்பிள்ளையேதான். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லெபனான் முதலான மத்தியக் கிழக்கு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் செங்குத்துக் கம்பியைக் கொண்டுவந்தார்கள். புவெப்லாவில் 1930களில் டாக்கோ அராபே, அதாவது அரபு டாக்கோ வந்தது, ரொட்டியும் அரபு ரொட்டிதான். பிறகு ஆட்டுக்கறி பன்றிக்கறியானது, மசாலாவில் அச்சியோட்டேயும் உலர் மிளகாயும் சேர்ந்தன, ரொட்டி போய் சோள டோர்டியா வந்தது, உச்சியில் அன்னாசிப்பழம் ஏறி உட்கார்ந்தது. மெக்சிகோ நகரத்தின் ராத்திரிச் சாப்பாடு என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

கறி அடுக்கிய அந்தக் கூம்புக்கு ட்ரோம்போ என்று பெயர், பம்பரம் என்று அர்த்தம். கடை வாசலிலிருந்தே பாருங்கள். பம்பரம் சுழல்கிறதா, நெருப்பு எரிகிறதா, வெட்டுகிறவர் மெல்லிய சீவலாக எடுத்து நேராக டோர்டியாவில் பிடிக்கிறாரா? அப்படியானால் வரிசையில் சேருங்கள். பலகையில் அல் பாஸ்டோர் என்று எழுதியிருந்து, கறி தட்டையான இரும்புக்கல்லில் வதங்கிக்கொண்டிருந்தால், அது மசாலா தடவிய பன்றிக்கறி. ருசியாக இருக்கலாம், பம்பரத்துக் கறி ஆகாது.

இணையத்தில் போடும் நட்சத்திரங்களை நம்பலாமா?

எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். ஸ்பானிஷில் எழுதியவர்கள் இருக்கிறார்களா? "எங்கள் ஊர் ருசி" என்று யாராவது சொல்கிறார்களா? குறைகளைத்தான் நான் முதலில் படிப்பேன். "இலவசமாகச் சிப்ஸ் தரவில்லை", "ஆங்கிலம் பேசுகிறவர் இல்லை", "டாக்கோ சின்னதாக இருக்கிறது, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் மட்டும்தான்" என்று யாராவது பொருமியிருந்தால் உடனே முகவரியைக் குறித்துக்கொள்வேன். "கறி நாற்றமடித்தது", "வயிறு கெட்டது" வேறு ரகம், அதை மதியுங்கள்.

நீளமான மெனுவைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஏழெட்டு ஐட்டம் எழுதிய சின்னப் பலகை போதும்.

சல்சா எவ்வளவு காரம்?

நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு காரம், பச்சை சாது என்று நினைத்துப் பச்சையை அள்ளி ஊற்றிவிட்டு அழுதவர்கள் பலர். டொமாட்டியோ என்ற, காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் புளிப்புக்காயை அரைத்த பச்சைச் சல்சாவில் செர்ரானோ மிளகாய் எத்தனை போட்டார்கள் என்பது செய்தவருக்குத்தான் தெரியும். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். யுகடான் கடையில் ஹபனேரோ மிளகாயில் செய்த ஷ்னிபெக் வைப்பார்கள். அந்த மாயா மொழிச் சொல்லுக்கு 'நாயின் மூக்கு' என்று பொருள். சாப்பிட்டால் நம் மூக்கும் அப்படித்தான் ஈரமாகும்.

மிளகாய்க்குப் பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. ஹலபேனோ பழுத்துப் புகையில் காய்ந்தால் சிபோத்லே. சிலாக்கா காய்ந்தால் பசீயா. எல்லாம் காரத்துக்காகச் சேர்ப்பவையும் அல்ல. ஆஞ்சோவில் உலர்பழ வாசம், பசீயாவில் கொஞ்சம் கசப்பு. மேசையில் கிண்ணம் கிண்ணமாக இரண்டு மூன்று சல்சா, அதுவும் அன்றே அரைத்ததாக இருந்தால் கடை தேறிவிட்டது.

நான் சைவம். எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் ஜாக்கிரதை. கறி இல்லை என்று எழுதியதில்தான் கறி ஒளிந்திருக்கும். பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் தாளித்ததாக இருக்கலாம், சிவப்பு அரிசிச்சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், தமாலே மாவிலும் கொழுப்பு பிசைவார்கள். ஒருமுறை "கார்னே வேண்டாம்" என்றேன், கோழி வந்தது. 'கார்னே' என்றால் பலருக்கு மாட்டுக்கறியும் பன்றிக்கறியும்தான் நினைவுக்கு வரும். அதனால் நீட்டி முழக்கிச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ." கறி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன். பீன்ஸுக்கு: "லோஸ் ஃப்ரிஹோலெஸ் யேவான் மந்தேக்கா?" கொழுப்பு சேர்த்திருக்கிறீர்களா?

கேட்டு வாங்க வேண்டியவை: பூசணிப்பூ, சப்பாத்திக்கள்ளி மடல் (நோபால்), சுட்டுக் கிழித்த பொப்லானோ மிளகாய் (ராஹாஸ்), காளான், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்லகோச்சே. மக்காச்சோளக் கதிரில் வரும் கரிப்பூட்டை நோய் அது. மற்ற நாட்டு விவசாயிகள் தலையில் கைவைப்பார்கள், மெக்சிகோவில் அதை வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். கறுப்பாக, மண்வாசத்தோடு, காளானுக்கும் சோளத்துக்கும் நடுவில் ஒரு ருசி.

கேசாடியாவில் (உள்ளே எதையாவது வைத்து மடித்துச் சுட்ட டோர்டியா) சீஸ் இல்லாமல் வந்தது. திருப்பிக் கொடுக்கலாமா?

வேண்டாம், அவர் மெக்சிகோ நகரத்துக்காரராக இருப்பார். அங்கே "சீஸோடு" என்று தனியாகக் கேட்க வேண்டும். மற்ற மாநிலத்தார் இதைச் சொல்லியே அவர்களைக் கிண்டல் செய்வார்கள். பக்கத்து மேசையில் யாரிடமாவது இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், அரைமணி நேரம் போவது தெரியாது.

ஸ்பானிஷ் தெரியாமல் எப்படி வாங்குவது?

விரல் போதும். கூடவே சில சொற்கள். லெங்குவா நாக்கு, கபேசா தலைக்கறி, கச்செத்தே கன்னம், திரிப்பா குடல், சுவாதேரோ மாட்டின் வயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள மெத்தென்ற கறி. "கோன் தோதோ?" என்று கேட்பார்கள்; வெங்காயமும் கொத்தமல்லியும் போடவா என்று அர்த்தம். தலையாட்டுங்கள். எலுமிச்சையைப் பிழிய மறக்காதீர்கள். கத்தி, முள்கரண்டி தேடாதீர்கள். தலையைச் சாய்த்து, தட்டுக்கு மேல் குனிந்து கையால் சாப்பிடுங்கள். எழுந்து போகும்போது பக்கத்தில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து "புரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்கூட நிமிர்ந்து நன்றி சொல்வார்.

மலிவாக இருந்தால்தான் அசலா?

இந்த எண்ணம் எனக்குப் பிடிப்பதில்லை. சோளத்தை ராத்திரி ஊறவைத்து அரைக்கும் உழைப்பும், இருபது முப்பது பொருள் வறுத்து அரைத்த மோலேயும் மலிவாகத்தான் கிடைக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? மெக்சிகோ நகரத்தில் என்ரிகே ஓல்வேரா 2000இல் தொடங்கிய பூஹோல் உணவகத்தில் ஆயிரம் நாளுக்கு மேல் சூடாக்கிச் சூடாக்கி வளர்த்த மோலேயைத் தட்டில் வைக்கிறார்கள். அதே நகரத்தில் எல் கலீஃபா தே லியோன் என்ற, நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன டாக்கோ கடைக்கு 2024இல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. இரண்டும் மெக்சிகோதான். மேசைவிரிப்பைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம், டோர்டியாவைப் பாருங்கள்.

எங்கள் நகரத்தில் மெக்சிகோக்காரர்களே இல்லை. என்ன செய்வது?

நாமே சுட வேண்டியதுதான். கடையில் 'மாசா ஹரீனா' என்று எழுதிய மாவு வாங்குங்கள். சாதாரண மக்காச்சோள மாவும் கார்ன்ஃப்ளவரும் வேலைக்கு ஆகாது, அவற்றில் சுண்ணாம்பு பார்த்த சோளம் இல்லை. மாவில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரைமணி வையுங்கள். சின்ன உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்: ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் அதிகம். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான பாத்திரத்தின் அடியால் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த இரும்புக்கல்லில் போட்டு, கால் நிமிடத்தில் ஒருமுறை திருப்பி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி திருப்பி, நடுவில் விரலால் லேசாகத் தட்டினால் உப்பி எழும். சுட்டதை உடனே துணியில் சுற்றி அடுக்குங்கள். அந்த ஆவியில்தான் அது மெத்தென்று ஆகும். முதல் நான்கைந்து கோணல்மாணலாக வரும், அவற்றை நீங்களே உப்பு தூவிச் சாப்பிட்டுவிடுங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம்.